‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலுக்குப் பிறகு என்ன கேட்பது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: பவானியின் உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் பட்டியலில் அவிநாசிப் பக்கத்து உங்கள் ஊர்க் குளம் விடுபட்டுப் போயிற்று. எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேசினார், வீடியோவும் போட்டார். அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்றார். அதோடு சரி. ஒரு எம்.எல்.ஏ. நினைத்தால் அமைச்சரைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா, இல்லை இதெல்லாம் வெறும் சடங்குதானா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமைச்சர் சட்டப்படி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது ஒன்று. ஒரு வட்டாரத்துக் காரியத்தில் அந்தக் கடமையை எப்படி வசூலிப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது, கேட்பவர் எதை, எந்த இடத்தில், எந்தச் சொற்களில் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. வீடியோவில் வரும் ஆவேசத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாநில அமைச்சரவை கூட்டாகச் சட்டமன்றப் பேரவைக்குப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 164(2) பிரிவு சொல்கிறது. கவனியுங்கள், பேரவைக்குத்தான், தனி உறுப்பினருக்கு அல்ல. 234 பேர் கொண்ட அவையில் ஒருவர் எழுந்து ‘இந்தக் குளத்துக்குத் தண்ணீர் விடு’ என்று ஆணையிட முடியாது. அவையே பெரும்பான்மையோடு அமைச்சரவையை வீழ்த்தலாம். ஆனால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். ஆகவே ஒரு வட்டாரப் பிரச்சினைக்காக ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அரசுக்கு எதிராக வாக்களிப்பார் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கருவி: அமைச்சரின் வாயிலிருந்து, அடுத்த ஆண்டு சரிபார்க்கக்கூடிய ஒரு வாக்கியத்தை அவைக்குறிப்பில் ஏற்றுவது. எண், தேதி, தொகை, அரசாணை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் அது சரிபார்க்கக்கூடிய வாக்கியம். ‘ஆவன செய்யப்படும்’ என்பதில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

வட்டாரப் பிரச்சினைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அரசு துறைவாரியாகக் கட்டப்பட்டிருக்கிறது, ஊர்வாரியாக அல்ல. அமைச்சர் துறைக்குத்தான் அவையில் பதில் சொல்கிறார். மாவட்டங்களுக்குப் ‘பொறுப்பு அமைச்சர்’ என்று அறிவிக்கிறார்களே என்றால், அது நிர்வாக ஏற்பாடு. அந்த மாவட்டத்துக்காக அவர் அவையில் பதில் சொல்லும் கடமை எதுவும் அதிலிருந்து பிறப்பதில்லை. நிதிநிலை அறிக்கையும் அப்படித்தான். திட்டத்தின் பெயரிலும் கணக்குத் தலைப்பிலும் பணம் இருக்கும். கொங்கு வட்டாரத்துக்கு எவ்வளவு, டெல்டாவுக்கு எவ்வளவு, ராமநாதபுரத்துக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. மகாராஷ்டிரத்தில் இதற்கென்றே அரசியலமைப்பின் 371(2) பிரிவு இருக்கிறது. விதர்பாவுக்கும் மராத்வாடாவுக்கும் தனி வளர்ச்சி வாரியங்கள் அமைத்து, அவற்றின் அறிக்கையை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க அது இடம் தருகிறது. அந்த வாரியங்கள் 1994-இல் அமைந்தன. 2020-இல் அவற்றின் காலம் முடிந்தது. கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களுக்கு 371ஜே பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே இங்கே வட்டாரக் கணக்கைக் கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நம் எம்.எல்.ஏ.க்களில் பலர் தவறவிடும் முதல் படி இது. கணக்கை வாங்காமலே நியாயம் கேட்கப் போய்விடுகிறார்கள்.

அதற்கும் முன்னால், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தெரிய வேண்டும். 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, எனவே அவையில் ஊரக வளர்ச்சித்துறை அமைச்சர்தான் பதில் சொல்ல வேண்டும். சாலையும் அப்படியே. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறைக்கு. ஊராட்சிச் சாலையும் ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சிக்கு. தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசுக்கு. உங்கள் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. குளம் ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம், ஆனால் தண்ணீர் கொண்டுவரும் குழாயும் நீரேற்று நிலையமும் நீர்வளத்துறையுடையவை. அமைச்சர் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை. தூர்வாருவதையும் கரையைப் பலப்படுத்துவதையும் ஒரு அமைச்சரிடமும், குழாய் இணைப்பை இன்னொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே கேள்வியில் இரண்டையும் சேர்த்தால் இரண்டுக்கும் பதில் வராது.

இனி வினா-விடை நேரம். அவை கூடும் நாளில் முதல் ஒரு மணி நேரம் இதற்கு. உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வி பேரவைச் செயலகத்திலிருந்து துறைக்குப் போகிறது. துறைச் செயலர் தலைமைப் பொறியாளரைக் கேட்கிறார், அவர் கண்காணிப்புப் பொறியாளரை, அவர் செயற்பொறியாளரை, கடைசியில் களத்தில் இருக்கும் உதவிப் பொறியாளர் மேசைக்கு அது வந்து சேர்கிறது. கேள்வியின் பெரும்பகுதி வேலை இந்தப் பயணத்திலேயே நடந்துவிடுகிறது என்பது வெளியில் தெரிவதில்லை. இரண்டு ஆண்டு தூங்கிய கோப்பு, ‘பேரவைக் கேள்வி’ என்ற முத்திரையோடு வந்த ஒரு தாளுக்காகத் திறக்கப்படும். அவையில் அந்தக் கேள்வி எடுக்கப்படாமலே போனாலும் இந்தப் பலன் மிச்சம். ஒரு குறை, கேள்வி கொடுத்த நாளுக்கும் பதில் வரும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழுவதுண்டு. அவசரக் காரியத்துக்கு இது உதவாது.

நம் சட்டமன்றக் கேள்விகளின் இலக்கணமே அமைச்சருக்குச் சாதகமானது. ‘அவிநாசித் தொகுதியில் விடுபட்ட குளங்களுக்குத் தண்ணீர் வழங்க அரசு முன்வருமா?’ என்று கேட்டால், ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ‘முன்வருமா’ என்பது விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு ஆம், இல்லை, பார்க்கலாம் என்ற மூன்று பதில்தான் உண்டு. இதையே உட்பிரிவுகளாக உடைத்துப் பாருங்கள்: ‘(அ) அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் சேர்க்கப்படாத குளங்கள் அவிநாசி ஒன்றியத்தில் எத்தனை? (ஆ) அவற்றில் கள ஆய்வு முடிந்தவை எத்தனை, ஆய்வு அறிக்கை அரசுக்கு வந்த நாள் எது? (இ) அவற்றையும் சேர்க்க ஆண்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் நீர் எவ்வளவு, அதற்கான ஆதாரம் எது? (ஈ) விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா, ஆமெனில் அரசாணை எண், நாள் என்ன? (உ) இல்லையெனில் காரணம் யாது?’ இதற்குப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் சொன்னால் அது பதிலில்லை என்று அவையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதில் (இ)தான் உயிர்நாடி. திட்டத்தின் கணக்கு இப்படி: பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரில், நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்தால் ஏறத்தாழ 1.5 டி.எம்.சி., அதாவது 150 கோடி கன அடி. அதை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்கு அனுப்புகிறார்கள். சராசரியாக ஒரு குளத்துக்கு 14 லட்சம் கன அடி வருகிறது. சுமார் 1,916 கோடி ரூபாய் செலவில் முடிந்து 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்ட திட்டம் இது. இதில் புதிதாக ஒரு குளத்தைச் சேர்ப்பதென்றால், ஒன்று இருக்கிற 1,045-இன் பங்கு குறைய வேண்டும், அல்லது 70 நாள் என்ற கால அளவு நீள வேண்டும், அல்லது கூடுதல் உபரி இருக்கிறது என்று காட்ட வேண்டும். ‘சேர்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் அமைச்சர் இந்த மூன்றில் எதைச் செய்யப்போகிறார் என்று சொல்ல வேண்டும். ‘சேர்க்க முடியாது’ என்பவரும் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். உங்கள் குளத்துக்கு நியாயம் இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் போகலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பவானியில் கீழ்ப்பாசனக்காரர்களின் உரிமை பழையது. அவர்கள் தொகுதி எம்.எல்.ஏ.க்களும் அதே அவையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்த கேள்வி கதவைத் திறக்கும். உள்ளே போவது துணைக் கேள்வியில். இங்கேதான் நம் அவையில் அதிகம் வீணாகிறது. ஒருவர் தன் தொகுதிப் பேருந்து நிலையத்தைப் பற்றிக் கேட்பார். அமைச்சர் பதில் சொன்னதும் பத்துப் பேர் கையைத் தூக்கி, ‘என் தொகுதியிலும் ஒன்று அமைத்துத் தருவாரா?’ என்பார்கள். முதல் கேள்வி அங்கேயே செத்துவிடும். அமைச்சருக்கும் நிம்மதி, ‘நிதிநிலைக்கேற்பப் படிப்படியாக’ என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். போதாக்குறைக்கு, கிடைத்த ஒரு நிமிடத்தில் அரை நிமிடம் தலைவர் புகழுக்குப் போகும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் வேறுபாடு கிடையாது. அடுத்தடுத்த தொகுதிக்காரர்கள் மூன்று பேர் முன்பே பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் கள ஆய்வையும் ஒருவர் தண்ணீர்க் கணக்கையும் ஒருவர் அரசாணையையும் கேட்டால் அமைச்சர் நழுவுவது கடினம். இதைக் கட்சி எல்லை தாண்டிச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அது அரிதாகவே நடக்கிறது. 2022 தொடக்கத்திலிருந்து வினா-விடை நேரம் நேரலையாகப் போகிறது. அதன் பலன் இரண்டு பக்கமும் உண்டு. அமைச்சர்கள் கொஞ்சம் தயாராக வருகிறார்கள். உறுப்பினர்கள் கேமராவுக்குப் பேசுகிறார்கள்.

பதில்களின் அகராதியையும் தெரிந்துகொள்வது நல்லது. ‘கருத்துரு பெறப்பட்டுள்ளது’ என்றால் மாவட்டத்திலிருந்து தாள் சென்னைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. ‘சாத்தியக்கூறு ஆய்வு மேற்கொள்ளப்படும்’ என்றால் இன்னும் தொடங்கவில்லை. ‘நிர்வாக ஒப்புதல் வழங்கப்பட்டுள்ளது’ என்றால் அரசாணை இருக்கிறது, எண் கேட்கலாம்; ஆனால் அதனால் பணம் வந்துவிட்டது என்று பொருளில்லை. ‘நிதி ஒதுக்கப்பட்டுள்ளது’ என்பதும் ‘நிதி விடுவிக்கப்பட்டுள்ளது’ என்பதும் ஒன்றல்ல. ‘ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் நிலையில் உள்ளது’ என்பது பல ஆண்டு நீடிக்கக்கூடிய நிலை. ‘நிலம் கையகப்படுத்தும் பணி முடிந்ததும்’ என்று பதில் வந்தால், எத்தனை ஹெக்டேரில் எத்தனை முடிந்தது என்று உடனே துணைக் கேள்வி போட வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான குழாய், கால்வாய், சாலைத் திட்டங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான். ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்பதை மட்டும் மறக்காமல் குறித்துவையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கவன ஈர்ப்புத் தீர்மானம் வேறு வகை. அண்மையில் எழுந்த, அவசரமான, பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்துக்கு அது. பேரவைத் தலைவர் அனுமதித்தால் அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டும். இதன் பலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 2023 ஏப்ரல். டெல்டாவில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என மூன்று இடங்கள் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருப்பது தெரியவந்ததும், ஏப்ரல் 5 அன்று பேரவையில் சிறப்புக் கவன ஈர்ப்பு வந்தது. ‘நானும் டெல்டாக்காரன்தான், அனுமதிக்க மாட்டேன்’ என்று அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் அவையிலேயே அறிவித்தார். அந்த வாரத்திலேயே அந்த மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து விலக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் சொன்னார். அவையில் பேசியதால்தான் அது நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; எல்லாக் கட்சிகளும் ஒரே பக்கம் நின்றன, விவசாயிகளும் தெருவில் இருந்தார்கள், 2020-இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனால் மாநில அரசின் நிலைப்பாடு ஒரே நாளில், மறுக்க முடியாத வடிவத்தில், பதிவானது கவன ஈர்ப்பால்தான். உங்கள் குளம் பல ஆண்டுப் பிரச்சினை என்பதால் ‘அண்மையில் எழுந்தது’ என்ற நிபந்தனையில் தோற்றுவிடும். இந்த வழியை நம்ப வேண்டாம். அவையின் மற்ற வேலையை நிறுத்திவைத்து ஒன்றை விவாதிக்கக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானம் அனுமதிக்கப்படுவதே அபூர்வம். வினா-விடை நேரம் முடிந்ததும் வரும் நேரமில்லா நேரத்தில் பேசுவது செய்திக்கு உதவும், வேலைக்கு உதவாது.

உண்மையான இடம் மானியக் கோரிக்கை. அரசியலமைப்பின் 203-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவை ஒப்புதல் தர வேண்டும். மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட மட்டும் முடியாது. நீர்வளத்துறைக்குக் கோரிக்கை எண் 40, ஊரக வளர்ச்சிக்கு 42. அந்த நாளில் அமைச்சர் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ ஒன்றை அவையில் வைப்பார். தமிழ்நாட்டில் ஒரு துறையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பயனுள்ள அரசு ஆவணம் இதுதான். அரசின் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக் குறிப்புகளை வரிசையாக வைத்து ஒரே திட்டத்தின் பத்தியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு திட்டம் ‘ஆய்வுப் பணி நடைபெற்று வருகிறது’ என்று மூன்று ஆண்டும் ஒரே வாக்கியத்தில் நின்றால் அது நகரவில்லை. ஒரு ஆண்டு இருந்துவிட்டு அடுத்த ஆண்டு சத்தமில்லாமல் காணாமல் போனால் அது கைவிடப்பட்டிருக்கக்கூடும். அந்த மூன்று பத்திகளையும் அவையில் வாசித்துக் காட்டுவதைவிட வலுவான பேச்சு இல்லை. அது அமைச்சரின் சொந்தச் சொல்.

குறிப்போடு வரும் விரிவான மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் எண்கள் ஆயிரம் ரூபாயில் இருக்கும். முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று நான்கு நெடுவரிசைகள். இரண்டிலோ மூன்றிலோ தொடங்கும் நான்கு இலக்கத் தலைப்பு வருவாய்ச் செலவு. நான்கிலோ ஐந்திலோ தொடங்குவது மூலதனச் செலவு. பெரும்பாசனம் 4700, நடுத்தரப் பாசனம் 4701, சிறுபாசனம் 4702, சாலைகளும் பாலங்களும் 5054. உங்கள் திட்டத்துக்கு நேரே ‘1’ என்று மட்டும் இருந்தால் அது ஆயிரம் ரூபாய். அதாவது தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் வைக்கவில்லை. மதிப்பீட்டில் 50 கோடி இருந்து திருத்திய மதிப்பீட்டில் 4 கோடியானால், அறிவிப்பு நிஜம், வேலை நடக்கவில்லை என்று பொருள். இந்த ஒரு ஒப்பீட்டை எம்.எல்.ஏ. அவையில் வைத்து ‘மிச்சம் 46 கோடி எங்கே போனது?’ என்று கேட்டால், பொதுவான பதிலுக்கு இடமே இல்லை. இதைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு பேரவையிலும் ஒரு கைப்பிடி பேர்தான். எண்களைப் படிக்க ஆள் வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சுற்றி இப்போது வளர்ந்துவரும் ஆய்வு உதவியாளர் பழக்கம் நம் எம்.எல்.ஏ.க்களிடம் இன்னும் வரவில்லை.

வெட்டுத் தீர்மானமும் இந்த விவாதத்துக்குரியதுதான். துறைக்கான தொகையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று அடையாளமாகக் கொடுப்பார்கள். அது நிறைவேறாது, நிறைவேறினால் அரசே கவிழும். ஆனால் அதில் எழுதும் காரணம் முக்கியம்: ‘அவிநாசி ஒன்றியத்தில் விடுபட்ட குளங்களைச் சேர்க்கத் தவறியமை பற்றி’ என்று குறிப்பாக எழுதினால் அது பதிவாகும். ‘விவசாயிகளின் நலனைப் புறக்கணித்தமை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் காற்றில் போகும். இங்கே ஒரு அமைப்புக் குறையும் இருக்கிறது. கேரளத்தில் 1980 முதல் பொருள்வாரிக் குழுக்கள் உள்ளன; மானியக் கோரிக்கை அவைக்கு வருமுன் அந்தக் குழுக்களின் ஆய்வுக்குப் போகிறது. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் உள்ளன. தமிழ்நாட்டில் அப்படி ஒரு அடுக்கு இல்லை; ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள்கூட முடிந்துவிடும். கேரள ஏற்பாட்டையும் கொண்டாடத் தேவையில்லை. அங்கே துறை அமைச்சரே குழுவுக்குத் தலைவர்.

மானியக் கோரிக்கை பதிலுரையின் முடிவில் அமைச்சர் வாசிக்கும் புதிய அறிவிப்புகளையும், பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சர் வெளியிடும் அறிவிப்புகளையும் பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. 110 என்பது விவாதமின்றி அறிக்கை வாசிக்கும் விதி. யாரும் கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் எல்லா ஆட்சியிலும் அது விருப்பமான விதி. அந்த அறிவிப்புக்கான பணம் அப்போது நிறைவேறிய நிதிநிலை அறிக்கையில் இல்லாமலும் இருக்கலாம். பின்னால், ஆண்டின் நடுவில் கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கையில் வர வேண்டும். ஆகவே 110 அறிவிப்பு வந்ததும் கைதட்டிவிட்டுப் போகாமல், அடுத்த துணை மானியக் கோரிக்கையில் அது இருக்கிறதா என்று பார்ப்பதே எம்.எல்.ஏ.யின் வேலை. இல்லையென்றால் விவாதத்தில் கேட்கலாம். 110 தரும் பாதுகாப்பு அங்கே செல்லாது.

இப்போது உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில் ‘செய்கிறேன்’, ‘பரிசீலிக்கிறேன்’, ‘தகவல் சேகரித்துத் தருகிறேன்’ என்ற வகையில் சொன்னவற்றைத் தொகுத்து, நிறைவேறியதா என்று துறையைத் துரத்துவது அதன் பணி. ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்பதைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான். மக்களவையில் இதற்கென வாக்கிய வகைகளின் பட்டியலே இருக்கிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்கே உள்ள எதிர்பார்ப்பு. நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, மாவட்டங்களுக்கு வந்து ஆய்வும் செய்கிறது. குழுவின் பலமும் வேகமும் ஒவ்வொரு பேரவையிலும் தலைவரைப் பொறுத்து மாறும் என்பதால் இதை உத்தரவாதமாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் எம்.எல்.ஏ. பெற்ற ‘ஆவன செய்யப்படும்’ உறுதிமொழியாகப் பதிவு செய்யப்பட்டதா என்று குழுவுக்கு எழுதிக் கேட்பது அவர் உரிமை. செலவே இல்லாத, யாரும் கேட்காத கேள்வி இது.

பொதுக் கணக்குக் குழு வேறு வேகத்தில் ஓடுகிறது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 151(2) பிரிவுப்படி பேரவைக்கு வரும். குழு அதிலுள்ள பத்திகளை எடுத்துத் துறைச் செயலர்களை விசாரிக்கும். அங்கே பொதுவாக அதிகாரிகள்தான் பதில் சொல்கிறார்கள், அமைச்சர் அல்ல. தணிக்கை மாதிரி மாவட்டங்களைத் தேர்ந்து ஆய்வதால், உங்கள் மாவட்டம் அதில் விழுந்திருந்தால் வேறெங்கும் கிடைக்காத விவரம் கிடைக்கும். ஆனால் பணம் செலவாகி ஆண்டுகள் கழிந்து நடக்கும் விசாரணை இது. தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு என்பது மரபு, சட்டமல்ல. 2016-இல் அமைந்த பேரவையில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வின் துரைமுருகன் அந்தப் பொறுப்பில் இருந்தார். 2021-இல் அமைந்த பேரவையில் ஆளுங்கூட்டணியிலிருந்த காங்கிரஸின் செல்வப்பெருந்தகை வந்தார். கூட்டணிக்குள் இருக்கும் ஒருவர் எவ்வளவு தூரம் குடைவார் என்பது நியாயமான சந்தேகம்தான்.

உங்களைப் போன்ற ஊர்க்காரருக்கு நேரடியாகத் திறந்திருக்கும் கதவு பேரவையின் மனுக்கள் குழு. குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகம் வழியாகச் செய்திக்குறிப்பு வரும். மனு தமிழில், ஒரே பிரச்சினையைப் பற்றியதாக, ஒரே துறையைச் சார்ந்ததாக, கையொப்பமிட்டு, கேட்ட எண்ணிக்கையில் நகல்களோடு இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது, தனிநபர் வேலை, கடன், இடமாற்றம் போன்றவை ஏற்கப்படாது. நீண்ட நாள் தீராத பொதுப் பிரச்சினைதான் அவர்களுக்கு வேண்டியது. உங்கள் குளம் அந்த அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்துகிறது. குழு முன்னிலையில் அதிகாரி மனுதாரருக்கு எதிரே நின்று பதில் சொல்ல நேரும்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ., எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. இருவரில் யாரால் அதிகம் முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக, ஆளுங்கட்சிக்காரர் அறைக்குள் சாதிப்பார், அவையில் அடக்கி வாசிப்பார், எதிர்க்கட்சிக்காரர் நேர்மாறு. 2022-இல் 234 உறுப்பினர்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொல்லி முதலமைச்சர் கடிதம் எழுதினார். அந்தப் பத்தில் உங்கள் குளம் இருந்ததா என்று உங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேளுங்கள். இருந்து நடக்கவில்லை என்றால் கேள்வி அரசுக்கு. இல்லவே இல்லை என்றால் கேள்வி அவருக்கு. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் கரையைச் சீராக்கலாம், நீரேற்றுத் திட்டத்தில் இணைக்க முடியாது. ‘என் நிதியிலேயே செய்துவிடுகிறேன்’ என்று அவர் சொன்னால் எதைச் செய்வதாகச் சொல்கிறார் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதுவும் செல்லாத இடங்களும் உண்டு. ஒன்றிய அரசின் கையிலிருக்கும் விஷயத்தில் மாநில அமைச்சரைப் பிடித்துப் பயனில்லை. அதிகபட்சம் தீர்மானம் போடலாம், அதற்குச் சட்ட வலு கிடையாது. 2024 டிசம்பரில் அரிட்டாப்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகப் பேரவை போட்ட தீர்மானமும் அந்த வகைதான். அடுத்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது, ஆனால் தீர்மானம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. வழக்கு நிலுவையில் இருந்தால் ‘நீதிமன்றத்தில் உள்ளது’ என்ற ஒரே சொல்லில் அமைச்சர் தப்பிக்கலாம். ஆகவே ஊரில் யாராவது இதற்கு வழக்குப் போட நினைத்தால், முதலில் அவைவழியை முடித்துவிட்டுப் போவது நல்லது.

நாளைக்கே செய்யக்கூடியது இது. குளத்தின் சர்வே எண், பரப்பு, ஆயக்கட்டு, திட்டக்குழாய் கடந்து போகும் மிக அருகிலான இடம், அங்கிருந்து தூரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். நீர்வளத்துறையின் கடந்த மூன்று கொள்கை விளக்கக் குறிப்புகளில் திட்டத்தைப் பற்றிய பத்திகளை நகலெடுத்து இணையுங்கள். அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்று சொன்ன நாளின் அவைக்குறிப்புப் பக்கத்தையும் சேருங்கள், வீடியோ போதாது. கூட்டத்தொடர் அறிவிப்பு வருமுன் இந்தக் கட்டை எம்.எல்.ஏ.யின் உதவியாளர் கையில் கொடுத்து, மேலே சொன்ன ஐந்து உட்பிரிவுக் கேள்வியை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். குளம் ஒன்றியத்துடையதா நீர்வளத்துறையுடையதா என்பதை மட்டும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் தவறினால் கேள்வி வேறு துறைக்குப் போய், ‘இத்துறைக்கு உரியதல்ல’ என்று திரும்பி வருவதற்குள் கூட்டத்தொடரே முடிந்திருக்கும்.